ஜீன்ஸ் ஊரில் ஒரு பைப்லைன் அப்பா!

உங்க காலேஜ்ல ஜீன்ஸுக்குத் தடா போட்டிருக்காங்களா மக்களே? அப்படின்னா அந்த சர்க்குலர்ல கையெழுத்துப் போட்டவர்கிட்ட ஒரு விஷயம் சொல்லிவைங்க. அவர் தடை பண்ணினது ஒரு பேன்ட்டை மட்டும் இல்ல, ரெண்டாயிரம் வருஷப் பழைய ஒரு ஊரையும் சேர்த்துத்தான்!

அந்த ஊர் பேரு நீம். வேப்பமரத்துக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. பிரான்ஸ் மேப்புல தெற்கே, மத்தியதரைக் கடலுக்குக் கொஞ்சம் மேல இருக்கு. ஒரு காலத்துல அங்கே நெய்த முரட்டுத் துணிக்கு ‘செர்ஜ் த நீம்’னு பேரு. ‘நீம் ஊர் துணி’ன்னு அர்த்தம். அந்த ‘த நீம்’ இங்கிலீஷ்காரங்க வாயில மாட்டி ‘டெனிம்’ ஆயிடுச்சுங்கறதுதான் அந்த ஊர்க்காரங்க காலரைத் தூக்கிவிட்டுச் சொல்ற கதை. பழைய நீம் துணியில கம்பளியும் பட்டும்தான் இருந்துச்சு, நம்ம நீலப் பருத்தித் துணி வேறன்னு ஆராய்ச்சியாளர்கள் நடுவுல ஒரு தகராறும் ஓடுது. ‘ஜீன்ஸ்’ங்கற பேரோ இத்தாலியோட ஜெனோவா ஊர்ல இருந்து வந்தது. 1873-ல அமெரிக்காவுல லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் பாக்கெட் ஓரத்துல செம்பு ரிவெட் அடிச்சு பேட்டன்ட் வாங்கினாங்க. ஆக, நம்ம இடுப்புல தொங்கறது மூணு நாட்டுக் கூட்டுத் தயாரிப்பு!

போன லீவுல அந்த ஊருக்கு ஒரு நாள் ட்ரிப் போயிட்டு வந்தோம். எங்க சொந்த ஊர் திருப்பூர். பனியன் ஊர்ல இருந்து ஜீன்ஸ் ஊருக்கு! சித்தி குடும்பம் மோன்பெலியேல இருக்காங்க. சித்தப்பா பாண்டிச்சேரிக்காரர், அந்தக் காலத்துலயே பிரெஞ்சு பாஸ்போர்ட். அங்கேயிருந்து நீமுக்கு 50 கிலோமீட்டர் சொச்சம்தான். காலையில கிளம்பினா ராத்திரி ரசம் சாதத்துக்கு வீடு திரும்பிடலாம்.

டீமை அறிமுகம் பண்ணிடறேன். அம்மா, ப்ளஸ் டூ முடிச்ச தம்பி, சித்தி, சித்தப்பா, சிவில் மூணாவது வருஷம் படிக்கிற நான். அப்புறம் எங்க அப்பா. குடிநீர் பைப்லைன் மெயின்டனன்ஸ்ல சூப்பர்வைசர். இருபத்தஞ்சு வருஷமா குழாய், வால்வு, லீக்கு... இதுதான் அவர் உலகம். ஈஃபிள் டவர் முன்னாடி நிக்க வெச்சப்பவே, “பெயின்ட் யாருங்க அடிக்கறாங்க?”ன்னு கேட்ட மனுஷன். (ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைங்கற கணக்குல கையாலதான் அடிக்கறாங்களாம்.)

சித்தப்பா போட்ட பிளான் ரொம்ப சிம்பிள். முதல்ல தண்ணி வந்த வழி, அப்புறம் தண்ணி வந்து சேர்ந்த ஊர். அதனால காரை நேரா நீமுக்கு விடாம, அதைத் தாண்டி 20 கிலோமீட்டர் சொச்சம் வடகிழக்கே விட்டார். ‘போன் து கார்’ங்கற பாலத்துக்கு. நிறைய பேர் ஊருக்குள்ள அரங்கத்தைப் பார்த்துட்டு, நேரம் இருந்தா பாலம்னு போறாங்க. என்னைக் கேட்டா அது கிளைமாக்ஸைப் பார்த்துட்டு இன்டர்வலுக்கு உக்கார்ற மாதிரி. பாலத்துல ஆரம்பிங்க.

மரங்களுக்கு நடுவுல நடந்து போறோம். சில்வண்டு சத்தம் காதைக் கிழிக்குது. ஒரு திருப்பம்... அவ்வளவுதான். தம்பி வாயில இருந்த சிப்ஸை மெல்ல மறந்துட்டான்.

மூணு அடுக்கு வளைவு. உயரம் 49 மீட்டர், அதாவது பதினஞ்சு மாடிக் கட்டடம் அளவுக்கு! கீழ் அடுக்குல 6 வளைவு, நடுவுல 11, மேல சின்னச் சின்னதா 35. பெரிய வளைவோட அகலம் மட்டும் 24 மீட்டருக்கு மேல. கீழ் ரெண்டு அடுக்குலயும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல சாந்துன்னு ஒண்ணு கிடையாது. ஆறு டன் வரைக்கும் எடை இருக்கற கல்லை வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு உக்கார வெச்சிருக்காங்க. எந்தக் கல் எங்கே உக்காரணும்னு கல்லுலயே குறிச்சும் வெச்சிருக்காங்க. ‘முன்பக்கம், இடது, மூணு’ன்னு சுருக்கெழுத்துல! எங்க சைட் விசிட்ல பார் பெண்டிங் ஷெட்யூல் பேப்பரைத் தொலைச்சுட்டு முழிச்ச மேஸ்திரி ஞாபகம் வந்தார்.

ஆனா பாலத்தோட உயரத்துல மயங்கி நின்னுட்டா நிஜமான மேட்டரை மிஸ் பண்ணிடுவீங்க. பாலம் ஒரு துண்டுதான். யுஸேஸ் ஊர் பக்கத்துல ஒரு ஊத்து. அங்கேயிருந்து நீம் வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டருக்குக் கல்லால கட்டின கால்வாய், பெரும்பகுதி மண்ணுக்கு அடியில. நேர்கோட்டுல பார்த்தா 20 கிலோமீட்டர்தான். நடுவுல குன்றுகள் மறிக்கறதால வளைஞ்சு நெளிஞ்சு சுத்திப் போகுது. வழியில கார்தோன் ஆறு குறுக்கே வந்துச்சு, அதைத் தாண்டத்தான் இந்தப் பாலம். காலம், கி.பி. முதல் நூற்றாண்டு.

இப்ப சிவில் பசங்க மட்டும் கவனிங்க. மத்தவங்க டீ குடிச்சுட்டு வரலாம். ஊத்துக்கும் ஊருக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 12.6 மீட்டர். 50 கிலோமீட்டருக்கு 12.6 மீட்டர்! கிலோமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சரிவு. நம்ம பாக்ஸ்ல வெச்சிருக்கற ஒரு அடி ஸ்கேலை விடக் குறைவு. பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, புவியீர்ப்பு மட்டும்தான். எங்கேயாவது ஒரு முழம் கணக்கு தப்பினா தண்ணி நின்னுடும், இல்லேன்னா கரையைத் தாண்டி வழிஞ்சுடும்.

நாங்க சர்வே கேம்ப்ல டம்பி லெவலை வெச்சு காலேஜ் கிரவுண்டைச் சுத்தி வந்து ரீடிங்கை க்ளோஸ் பண்றதுக்குள்ளேயே நாக்கு தள்ளிடுச்சு. அவங்ககிட்ட இருந்தது ‘கோரோபேட்டஸ்’னு சொல்ற ஒரு நீள மர மேசை. சுமார் ஆறு மீட்டர் நீளம், பக்கவாட்டுல தூக்குக்குண்டுக் கயிறு, மேல தண்ணி ஊத்திப் பார்க்க ஒரு பள்ளம். இப்படி ஒரு கருவி இருந்ததை விட்ருவியஸ்ங்கற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதி வெச்சிருக்கார். தூக்குக்குண்டு நம்ம கொத்தனார் பைல இன்னிக்கும் இருக்கு.

பாலத்தை ஒட்டியே அதே கல்லுல இன்னொரு பாலம், மனுஷங்க நடக்க. 1743-ல ஆரம்பிச்சு 1747-ல முடிச்சது. கட்டின இன்ஜினீயர் பேரைக் கேட்டதும் நான் கத்திட்டேன். ஆன்றி பிட்டோ! ஆமா பாஸ்... ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல நம்ம உயிரை எடுக்கற ‘பிட்டோ ட்யூப்’ பிட்டோவேதான்! 1732-ல அந்தக் குழாயைக் கண்டுபிடிச்சவர். இன்னிக்கு ஒவ்வொரு விமானத்துலயும் வேகம் காட்டறது அந்தக் குழாய் தத்துவம்தான். வைவாவுல எக்ஸ்டர்னல் கிட்ட வாங்கின பல்புக்கெல்லாம் காரணமான ஆளோட பாலத்து மேலேயே நின்னு செல்ஃபி எடுத்து கிளாஸ் குரூப்ல போட்டேன். பதினோரு பேர் கோப ஸ்மைலி அனுப்பினாங்க.

பிட்டோ கட்டறதுக்கு முன்னாடி பழைய பாலத்தையே மக்கள் ரோடா பாவிச்சிருக்காங்க. நடு அடுக்குத் தூண்களோட அடிப்பாகத்தைச் செதுக்கி வண்டி போக இடம் பண்ணியிருக்காங்க. பதினேழாம் நூற்றாண்டுல ஒரு படைத்தலைவர் பீரங்கி போகணும்னு இன்னும் ஆழமா வெட்ட, பாலமே ஆட்டம் கண்டுச்சு. ஆனா ரோடா உதவினதாலதான் அதை யாரும் கல்லுக்காக மொத்தமா உடைக்கலைன்னும் சொல்றாங்க. 2002 செப்டம்பர்ல அந்தப் பக்கம் பேய் வெள்ளம். சுத்தி இருந்த எவ்வளவோ அடிச்சுட்டுப் போக, இது அப்படியே நின்னுச்சு.

சரி, அப்பா எங்கே?

பாலத்து உச்சியில தண்ணி ஓடின கால்வாய்க்குள்ள கைடோட போகலாம். ஆள் நிக்கற உயரம், 1.2 மீட்டர் அகலம். எல்லாரும் மேல இருந்து வியூ பார்க்கறாங்க. அப்பா மட்டும் செல்போன் டார்ச்சை அடிச்சு சுவரைப் பார்த்துட்டு நிக்கறார். ரெண்டு பக்கச் சுவர்லயும் பாறை மாதிரி ஒரு தடிப்பு. கட்டினவங்க வெச்சதில்ல. தண்ணியில இருந்த சுண்ணாம்பு வருஷக்கணக்கா படிஞ்சு படிஞ்சு கல்லாகிப் போனது. சில இடத்துல ஒரு முழம் தடிமன் இருக்கும். மரத்துல வளையம் மாதிரி வரி வரியா தெரியுது. நம்ம வீட்டு ஹீட்டர் காயில்ல வெள்ளையா படியுமே, அதே சமாச்சாரம்தான்.

“கண்ணு... இது ஓடறப்ப இப்படி விட்டிருக்க மாட்டாங்க. ஆள் எறங்கிச் சொரண்டிச் சொரண்டி எடுத்திருப்பாங்க. எப்ப நிறுத்தினாங்கன்னு கேளு”ன்னார்.

சித்தப்பா பிரெஞ்சுல கேட்டுச் சொன்னார். நாலாம் நூற்றாண்டுல இருந்தே பராமரிப்பு குறைஞ்சுபோச்சு. சுண்ணாம்பு அடைச்சு, வேர் புகுந்து, தண்ணி வரத்து கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, கடைசியில நின்னே போச்சு. அப்புறம் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க அந்தச் சுண்ணாம்புப் பாறையையே பேர்த்து எடுத்துட்டுப் போய்க் கட்டடம் கட்டியிருக்காங்க. குழாய் அடைப்புல கட்டின சர்ச்! கேள்விப்பட்டிருக்கீங்களா?

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணியாம்?”

“40,000 கன மீட்டர் இருக்கலாம்கறாங்க சகலை.”

அப்பா மனசுல கணக்கு ஓடறது முகத்துல தெரிஞ்சது. “40 எம்.எல்.டி! நாலு கோடி லிட்டர். நமக்கும் மேட்டுப்பாளையத்துல இருந்து பவானித் தண்ணி கிட்டத்தட்ட இதே 50 கிலோமீட்டர்தான் வருது. ஆனா நாம பம்பு போட்டுத் தள்றோம்.” கொஞ்ச நேரம் கழிச்சு, யாருக்கும் இல்லாம, “சொரண்டினவனுக்கு ஒரு கல்வெட்டும் இல்ல”ன்னார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, எங்க கிளாஸ்ல அறுபது பேர். ‘என்னவாகப் போறீங்க?’ன்னு கேட்டா ஸ்ட்ரக்சுரல் டிசைன், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், ஐ.ஏ.எஸ்., சாஃப்ட்வேர்... இந்த நாலுக்குள்ள அடங்கிடும். ‘மெயின்டனன்ஸ்’னு ஒருத்தர் வாயில இருந்தும் வந்து நான் கேட்டதில்ல. பிளேஸ்மென்ட்ல அந்த வார்த்தை வந்தாலே ‘மொக்கை வேலைடி’ன்னு முகத்தைச் சுளிப்போம். என் முகமும் அதுல உண்டு. அன்னிக்கு அந்தக் கால்வாய்க்குள்ள நின்னப்ப, 49 மீட்டர் உயரத்துக்குப் பாலம் கட்டின ஊரைத் தோக்கடிச்சது எதிரிப் படை இல்ல, ஒரு முழம் சுண்ணாம்புன்னு தெரிஞ்சதும் என்னமோ பண்ணிச்சு. இதுக்கு மேல அதைப் பத்தி எழுதினா அட்வைஸ் ஆயிடும், விட்டுடறேன்.

கீழ ஆத்துல பசங்க குதிச்சு நீந்தறாங்க. தம்பியும் குதிச்சான். அம்மா கரையில நின்னு “டேய் ஆழம் போகாத”ன்னு போட்ட சத்தம் மூணு அடுக்குலயும் எதிரொலிச்சது.

மதியம் நீம் உள்ளே. சாப்பாடு ‘பிரான்தாத்’. உப்புக்கண்டம் போட்ட காட் மீனை ஊறவெச்சு, ஆலிவ் எண்ணெய் விட்டு இடிச்சு, வெண்ணெய் மாதிரி ஆக்கின ஐட்டம். வடக்குக் கடல் மீனும் இந்தப் பக்கத்து உப்பளத்து உப்பும் பண்டமாற்றுல சந்திச்சுப் பொறந்த சாப்பாடாம். அம்மா ஒரு வாய் வெச்சுட்டு, “கருவாடுதான். ஆனா மொளகாயக் கண்ணுல காட்டல”ன்னு தீர்ப்பு சொல்லிட்டு, ஹேண்ட்பேக்ல இருந்து ஊறுகாயை எடுத்தாங்க. அப்புறம் செம காம்பினேஷன்!

தெருவுல நடக்கறப்ப கீழ பாருங்க. தரையில பதிச்ச பித்தளைக் குமிழ்ல ஒரு முதலை, பனை மாதிரி ஒரு மரத்துல சங்கிலியால கட்டியிருக்கும். ஊர் முத்திரையே அதுதான். நீம்ல முதலை ஏதுன்னு கேக்கறீங்களா? அகஸ்டஸ் எகிப்தை ஜெயிச்சதைக் கொண்டாட இந்த ஊர்ல அடிச்ச ரோமானியக் காசுல இருந்த படம் அது. ‘எகிப்தைக் கட்டிப்போட்டாச்சு’ன்னு அர்த்தம். 1535-ல பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா அதையே ஊர்ச் சின்னமா கொடுத்துட்டார். தம்பி சாயங்காலத்துக்குள்ள 140 முதலை எண்ணிட்டேன்னான். நான் நம்பலை.

அரங்கம்... 133 மீட்டருக்கு 101 மீட்டர் நீள்வட்டம், ரெண்டு அடுக்குலயும் அறுபது அறுபது வளைவு, 24,000 பேர் உக்காரலாம். முதல் நூற்றாண்டு முடியறப்ப கட்டினது. இன்னும் ஹவுஸ்ஃபுல் ஓடுது! 2009-ல மெட்டாலிகா இங்கே பண்ணின கச்சேரி டி.வி.டி.யா வந்துச்சு. தம்பிக்கு க்ளாடியேட்டரை விட அதுதான் புல்லரிப்பு. எனக்குப் பிடிச்சது ஒரு கல்வெட்டுச் செய்தி. ரோன், சோன் ஆத்துப் படகுக்காரங்களுக்கு 40 சீட்டும், இன்னொரு படகுக்காரச் சங்கத்துக்கு 25 சீட்டும் ஊர் மன்றத் தீர்மானப்படி ரிசர்வ்டுன்னு கல்லுல வெட்டியிருக்காங்க. கர்சீப் போட்டு சீட் பிடிக்கறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

ரோம் விழுந்தப்புறம் இந்த அரங்கம் கோட்டையாச்சு, அப்புறம் ஒரு குட்டி ஊராவே ஆச்சு. உள்ளே வீடு, தெரு, சர்ச் எல்லாம் முளைச்சு, பதினெட்டாம் நூற்றாண்டுல சுமார் 700 பேர் குடியிருந்தாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துலதான் வீடுகளை எடுத்துட்டு அரங்கத்தைத் திரும்ப வெளியே கொண்டுவந்தாங்க. “அந்த 700 பேரை எங்க கொண்டுபோய் விட்டாங்க?”ன்னு சித்தி கேட்டாங்க. போர்டுல அந்த விவரம் எதுவும் எழுதலை.

இங்கே மாட்டுச் சண்டையும் உண்டு. ஸ்பெயின் ஸ்டைல்ல மாட்டைக் கொல்ற வகை. அதுக்கு எதிர்ப்பும் பலமா இருக்கு. ஆனா இந்தப் பக்கத்துக்கே சொந்தமா இன்னொரு விளையாட்டு இருக்கு, ‘கூர்ஸ் கமார்கேஸ்’. கொம்புல கட்டின ரோஜாப் பட்டையையும் நூலையும் வெள்ளை டிரெஸ் போட்ட பசங்க பாய்ஞ்சு பறிக்கணும். மாட்டைக் கொல்றது கிடையாது. ஜெயிச்ச மாட்டுக்குப் போஸ்டர்ல பேர் பெருசா வரும். சித்தப்பா சொல்லி முடிக்கறதுக்குள்ள அம்மா, “அட, சல்லிக்கட்டு! கொம்புல சல்லிக்காசைக் கட்டி எடுக்கறதுதான?”ன்னாங்க. பக்கத்துல நின்ன வெள்ளைக்காரத் தாத்தா ஒண்ணும் புரியாம, ஆனா சந்தோஷமா தலையாட்டினார்.

அடுத்து ‘மேஸோன் காரே’. ‘சதுர வீடு’ன்னு அர்த்தம். ஆனா 26 மீட்டருக்கு 13 மீட்டர் சொச்சம், பக்கா செவ்வகம்! அந்தக் காலத்துல நாலு மூலையும் நேர்கோணமா இருந்தா எல்லாத்தையும் ‘காரே’ன்னுதான் சொல்வாங்களாம். மேத்ஸ் சார்கள் மன்னிக்கவும். உலகத்துலயே முழுசா நிக்கற ரோமானியக் கோயில்கள்ல ஒண்ணு. ஊர் மன்றம், குதிரை லாயம், சர்ச், ஆவணக் காப்பகம், மியூசியம்னு போடாத வேஷம் இல்ல. 2023-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துடுச்சு.

கோயில் நெத்தியைப் பாருங்க. எழுத்து இருக்காது, ஓட்டை ஓட்டையா இருக்கும். வெண்கல எழுத்துகளை ஆணி வெச்சு அடிச்சிருந்தாங்க. எழுத்து போச்சு, ஆணி ஓட்டை மட்டும் மிச்சம். யாருக்கான கோயில்னே பல நூற்றாண்டா குழப்பம். 1758-ல இதே ஊர்க்காரர் ழான் பிரான்சுவா செகியேன்னு ஒருத்தர், ஓட்டைகளை அப்படியே பேப்பர்ல எடுத்து, எந்த எழுத்துக்கு எங்கே ஆணி வரும்னு பொருத்திப் பொருத்தியே வாசகத்தைக் கண்டுபிடிச்சுட்டார். நோட்டுல பேப்பரைக் கிழிச்சுட்டாலும் அடுத்த பக்கத்துல பேனா அழுத்தின தடம் இருக்குமே, அதை வெச்சு லவ் லெட்டரைப் படிக்கற டெக்னிக்!

படிச்சா... ரெண்டு பசங்க பேரு. கையஸ், லூசியஸ். அகஸ்டஸோட பேரன்கள். அவரே மகன்களா தத்தெடுத்து, அடுத்த பேரரசர்கள் இவங்கதான்னு வளர்த்தார். கல்வெட்டு அவங்களுக்குக் கொடுத்த பட்டம் ‘இளைஞர்களின் தலைவர்கள்’. லூசியஸ் கி.பி. 2-ல, பக்கத்து மார்சேய்ல செத்துப்போனான். கையஸ் கி.பி. 4-ல, இன்னிக்குத் துருக்கியா இருக்கற இடத்துல.

“என்ன வயசாம்?”னாங்க அம்மா.

“சின்னவனுக்கு பதினெட்டு. பெரியவனுக்கு இருபத்து ரெண்டு.”

அம்மா திரும்பி தம்பியைப் பார்த்தாங்க. அவன் முதலை எண்ணிட்டிருந்தான். “ரெண்டையுமா...”ன்னு சொல்லிட்டு அந்தப் படியிலேயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டாங்க.

இதுல நம்மளுக்கும் ஒரு பங்கு இருக்கு மக்களே. இந்த ரெண்டு பசங்களும் கேடயமும் ஈட்டியுமா நிக்கற வெள்ளிக் காசை இங்கேயிருந்து வடக்கே இருக்கற லியோன்ல அடிச்சாங்க. மிளகும் மணிக்கல்லும் வாங்கக் கப்பல்ல வந்த ரோமானிய வெள்ளியில, தென்னிந்தியப் புதையல்கள்ல அதிகமா கிடைக்கற வகைகள்ல இதுவும் ஒண்ணு. எங்க கொங்கு மண்ணுலயே குடம் குடமா ரோமானியக் காசு எடுத்திருக்காங்க. ரோம்ல அவங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும், முகம் தெரியாத யாரோ ஒருத்தர் நொய்யல் பக்கம் அவங்களைப் பானையில போட்டுப் பத்திரமா புதைச்சு வெச்சிருக்கலாம்னு நினைச்சுப் பார்த்தேன். அம்மாகிட்ட சொன்னேன். “பரவால்ல, நம்மூருக்காவது வந்துச்சுகளே”ன்னாங்க.

ஊத்துத் தோட்டம், டூர் மான்யங்கற கோபுரம் எல்லாம் பறந்து பறந்து பார்த்தோம். ஒரு வரியில கோபுரக் கதை: கி.பி. 1600 வாக்குல திரோக்காங்கற தோட்டக்காரர், நோஸ்திரதாமு ஜோசியத்தை நம்பி, புதையல் இருக்குன்னு கோபுரத்துக்குள்ள தோண்டித் தோண்டி அதையே பலவீனமாக்கினார். புதையல் கிடைக்கலை. முடிஞ்சது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சித்தப்பா, “இன்னும் ஒண்ணு. டிக்கெட் கிடையாது, கூட்டமும் இருக்காது”ன்னு மேட்டுத் தெரு ஒண்ணுல ஏத்தினார். மேல நீம் பல்கலைக்கழகம். பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை, அப்புறம் ஜெயில், இப்போ காலேஜ். (ரெண்டுக்கும் பெருசா என்ன வித்தியாசம்னு தம்பி கேட்டது சென்ஸார்.) அதுக்குக் கீழ வீடுகளுக்கு நடுவுல, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வட்டத் தொட்டி. ஆறு மீட்டர் குறுக்களவு கூட இருக்காது. நீங்க தேடிப் போகலைன்னா குப்பைத் தொட்டி வெச்ச இடம்னு தாண்டிப் போயிடுவீங்க.

1844-ல தோண்டி எடுத்தது. 50 கிலோமீட்டர் நடந்து வந்த தண்ணி முடியற இடம். பின்னாடி சதுர வாய் வழியா தண்ணி வந்து விழும். முன்பக்கச் சுவர்ல வரிசையா பத்து ஓட்டை, ஒவ்வொண்ணும் 40 சென்டிமீட்டர். அதுல ஈயக் குழாய் சொருகி, ஊரோட ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரிச்சு அனுப்பியிருக்காங்க. தரையில இன்னும் மூணு ஓட்டை. இவ்வளவு முழுசா மிஞ்சின ரோமானியத் தண்ணீர்ப் பங்கீட்டுத் தொட்டி ரொம்ப அபூர்வம். பாம்பேயில ஒண்ணு இருக்கு.

அப்பா கம்பியைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் நின்னார். அப்புறம் விரல் நீட்டி, “அந்த வாயில ஷட்டர் ஓடியிருக்கும். தரையில இருக்கற ஓட்டை, கழுவி விடறதுக்கு ஸ்கவர் மாதிரி இருக்கலாம். இங்க ஒருத்தன் காலையில வந்து நின்னு, எந்த வீதிக்கு எப்ப தொறக்கறதுன்னு பார்த்திருப்பான்”னு எனக்குக் கிளாஸ் எடுத்தார். நாலு செமஸ்டர்ல நான் வாட்டர் சப்ளையை இவ்வளவு தெளிவா கேட்டதில்ல. மேலேயிருந்து இறங்கி வந்த காலேஜ் பசங்க ரெண்டு பேர் இவர் என்னத்தைப் பார்க்கறார்னு நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

அன்னிக்கு முழுக்க யார் கூப்பிட்டும் போட்டோவுக்கு நிக்காத மனுஷன், “கண்ணு, இங்க என்னைய ஒண்ணு எடு. அந்த ஓட்டை பத்தும் விழணும்”ன்னார். சட்டையை இழுத்து விட்டுட்டு, கம்பிக்கு முன்னாடி அட்டென்ஷன்ல நின்னார்.

எடுக்கறதுக்குள்ள அவர் போன் அடிச்சது. நம்மூர்ல அப்ப ராத்திரி பத்து மணி தாண்டியிருக்கும். ஸ்பீக்கர்ல ஒரு அம்மாவோட குரல் தெளிவா கேட்டுச்சு.

“ஏனுங்கண்ணா, நாளைக்கு எங்க வீதிக்குத் தண்ணி உடறாங்களா?”

“உடுவாங்க, உடுவாங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. கொடத்தை எடுத்து வெச்சிருங்க”ன்னார் அப்பா, அந்தப் பத்து ஓட்டையையும் பார்த்துக்கிட்டே.